எஸ்டிஆர் இருக்கும்போது எஸ்என்பி எதுக்கு? தடயவியல் டிஎன்ஏ பத்தி ஒரு சந்தேகம்

ராக்கோழி

எல்லாருக்கும் வணக்கம். நான் படிச்சது உயிரியல், தடயவியல் இல்ல, இப்போ ஆர்வத்துல இந்தப் பக்கம் நோண்டிட்டு இருக்கேன். ஒரு விஷயம் மட்டும் எவ்ளோ படிச்சாலும் மண்டையில ஏறல, லேப்ல இருக்கறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விளக்குங்க.

குற்ற வழக்குல டிஎன்ஏ பொருந்துச்சுன்னு சொன்னா அது பெரும்பாலும் எஸ்டிஆர் தான். டிஎன்ஏவுல சில இடங்கள்ல நாலெழுத்துத் துண்டு ஒண்ணு வரிசையா திரும்பத் திரும்ப வரும், டிஎச்01ங்கற இடத்துல ஏஏடிஜி ஏஏடிஜி ஏஏடிஜின்னு ஒருத்தருக்கு 6 தடவை இன்னொருத்தருக்கு 9 தடவை, அந்த எண்ணிக்கையைத் தான் ஒப்பிடறாங்க. சரி. இன்னொரு பக்கம் எஸ்என்பி இருக்கு, ஒரே ஒரு எழுத்து தான் மாறும், எனக்கு ஏ இருக்கற இடத்துல உங்களுக்கு ஜி. இது மரபணுத் தொகுதி பூரா கொட்டிக் கிடக்கு, எஸ்டிஆர் அளவுக்கு தலைமுறைக்குத் தலைமுறை மாறாது, படிக்கறதுக்கு டிஎன்ஏ நீளமா இருக்கணும்னும் இல்ல. எல்லாப் பக்கமும் எஸ்என்பி தான் மேல வருது. அப்புறம் ஏன் லேப்ல எல்லாம் இன்னும் எஸ்டிஆரையே கட்டிக்கிட்டு அழறாங்க? பழகிப்போச்சுங்கறது மட்டும் தானா காரணம்?

இன்னொண்ணு, 2018ல அமெரிக்காவுல கோல்டன் ஸ்டேட் கில்லர்ங்கற தொடர் கொலைகாரனைப் பிடிச்சது எஸ்என்பி வச்சுன்னு படிச்சேன், அதுவும் இதுவும் ஒண்ணா? அப்புறம் ஒரே கருவுல உருவான இரட்டையர் கேஸ்ல எஸ்என்பி எதாவது உதவுமா?

பிப்பெட்டும்கையுமா

எல்லாப் பக்கமும் மேல வரல தம்பி. ரெண்டு மூணு பக்கம் தான் மேல வருது, ஆனா அந்த ரெண்டு மூணும் எங்களுக்கு உயிர்நாடி.

முதல்ல அதைச் சொல்லிடறேன். எஸ்டிஆர் ரிசல்ட் ஸ்க்ரீன்ல எப்படி வரும்னா, இடமிருந்து வலமா துண்டோட நீளம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பீக், அதாவது கூம்பு மாதிரி எழும்பற கோடு, எவ்ளோ டிஎன்ஏ இருக்கோ அவ்ளோ உயரம். கிட்டைப் பொறுத்து துண்டுங்க சுமார் 100 எழுத்துல ஆரம்பிச்சு 450 வரைக்கும் போகும். ஃப்ரெஷ் ரத்தம்னா இடது ஓரத்துல இருக்கற பீக்கும் வலது ஓரத்துல இருக்கற பீக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல நிக்கும், பாக்கவே நிம்மதியா இருக்கும். வெயில்லயும் ஈரத்துலயும் வருஷக்கணக்கா கிடந்த எலும்பைப் பொடி பண்ணி, கால்சியத்தைக் கரைச்சு எடுத்து, அதுல இருந்து டிஎன்ஏ பிரிச்சு ஓட்டினா படமே வேற. டி3எஸ்1358 மாதிரி குட்டித் துண்டு இடது பக்கம் கம்பீரமா நிக்கும், அங்கேருந்து வலது பக்கம் போகப் போக சரிஞ்சுட்டே வரும், 300 தாண்டினதும் தரையோட தரை. நடுவுல ரெண்டு பீக் வரவேண்டிய இடத்துல ஒண்ணே ஒண்ணு நிக்கும், அது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இருந்து ஒரே எண் வந்த ஆளா, இல்ல இன்னொரு பீக் செத்துப் போச்சான்னு சொல்லவே முடியாது. ரிப்போர்ட்ல கையெழுத்து போடறவங்களுக்குத் தான் தெரியும் அந்த அவஸ்தை.

காரணம் சிம்பிள். கிழிஞ்சு போன கடுதாசியில ஒரு வார்த்தை எத்தனை தடவை திரும்ப வருதுன்னு எண்ணணும்னா அந்த வரி முழுசா உங்க கையில இருக்கணும், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். ஒரே ஒரு எழுத்து என்னன்னு பாக்கணும்னா சின்னத் துணுக்கு போதும். எஸ்என்பிக்கு அந்த ஒரு எழுத்தும், ரெண்டு பக்கமும் பிரைமர், அதாவது நகல் எடுக்கறதை ஆரம்பிச்சு வைக்கற குட்டி டிஎன்ஏ, உக்கார இடமும் இருந்தா போதும். ஐரோப்பாவுல எஸ்என்பிஃபார்ஐடின்னு ஒரு கூட்டமைப்பு 2006ல 52 எஸ்என்பியை ஒரே பிசிஆர்ல (டிஎன்ஏவை நகல் எடுத்துப் பெருக்கற வேலை) பெருக்கற முறையை வெளியிட்டாங்க, அதுல ஒவ்வொரு துண்டும் 59ல இருந்து 115 எழுத்துக்குள்ள தான். எஸ்டிஆர்ல கிடைக்கறதுலயே சின்னத் துண்டு எவ்ளோ நீளமோ அது இங்க பெரிய துண்டு.

அடுத்து ஸ்டட்டர். எஸ்டிஆரைப் பெருக்கும்போது அந்த என்சைம் வழுக்கி ஒரு ரிப்பீட்டை விட்டுடும், அதனால நிஜ பீக்குக்கு முன்னாடி ஒரு குட்டிப் பீக் வரும், உயரம் நிஜ பீக்ல 5ல இருந்து 15 சதவீதம் வரைக்கும்னு வச்சுக்கோங்க. ஒரே ஆள் சாம்பிள்னா கண்டுக்காம போயிடலாம். ரெண்டு பேர் கலந்த சாம்பிள்ல, ரெண்டாவது ஆள் கொஞ்சமா தான் இருக்காருன்னா, அவரோட நிஜ பீக்கும் முதல் ஆளோட ஸ்டட்டரும் ஒரே உயரத்துல வந்து நிக்கும், தலைவலி. எஸ்என்பியில ரிப்பீட்டே இல்ல, அதனால ஸ்டட்டரும் இல்ல.

2001ல உலக வர்த்தக மையத் தாக்குதல்ல 2753 பேர் இறந்தாங்க, தீ, தண்ணி, மாசக்கணக்கா இடிபாட்டுக்குள்ள கிடந்த உடல் துண்டுங்கன்னு அங்க டிஎன்ஏ நொறுங்கிப் போயிருந்துச்சு. எஸ்டிஆர் பாதி தான் வந்த இடங்கள்ல எஸ்என்பி பேனலையும், அதாவது சேர்த்து ஓட்டற எஸ்என்பி தொகுப்பையும் ஓட்டினாங்க. ஆனா அங்க எஸ்என்பி தனியா நின்னு ஆளைக் காட்டினதை விட பாதி எஸ்டிஆருக்கு முட்டுக் குடுத்தது தான் அதிகம். அதே சமயத்துல எஸ்டிஆர் ஆளுங்களும் சும்மா இல்ல, பிரைமரை ரிப்பீட்டுக்கு ஒட்டி நகர்த்தி வச்சு துண்டோட நீளத்தையே குறைச்சுட்டாங்க, அது தான் மினி எஸ்டிஆர். எஸ்என்பியோட பெரிய வாதமே 'நான் குட்டி'ங்கறது தான், அதுல பாதியை இவங்க பிடுங்கிட்டாங்க. உங்க முதல் கேள்விக்கு பாதி பதில் இது. மீதி பதில் கணக்குல இருக்கு, அதுக்கு நம்ம கணக்குப்பிள்ளை வருவாரு பாருங்க.

கணக்குப்பிள்ளை

கூப்ட்டீங்க வந்துட்டேன் 😄

ஒரு எஸ்என்பி இடத்துல பொதுவா ரெண்டே எழுத்து தான் சாத்தியம், ஏ இல்லனா ஜின்னு வச்சுக்குவோம். ரெண்டும் மக்கள்கிட்ட சரிபாதி இருக்கு. அப்போ ஏஏ கால்வாசிப் பேர், ஏஜி பாதிப் பேர், ஜிஜி கால்வாசிப் பேர். ரெண்டு சம்பந்தமில்லாத ஆளுங்க தற்செயலா ஒத்துப்போற வாய்ப்பு என்னன்னா 0.25 வர்க்கம், 0.5 வர்க்கம், 0.25 வர்க்கம், மூணையும் கூட்டினா 0.375. அதாவது மூணு பேர்ல ஒருத்தருக்கு மேலயே பொருந்துவாங்க. கவனிங்க, ஒரு எஸ்என்பியால முடிஞ்ச உச்சமே இவ்ளோ தான், இதுக்கு மேல அது எதுவும் சொல்லாது.

இப்போ ஒரு எஸ்டிஆர் எடுங்க, கணக்குக்காக 10 வகை இருக்கு, ஒவ்வொண்ணும் பத்துல ஒரு பங்குன்னு வைங்க. அதே மாதிரி எல்லா ஜோடியையும் வர்க்கம் பண்ணிக் கூட்டினா 0.019 வரும், 50 பேர்ல ஒருத்தர் தான் பொருந்துவாரு. 0.375ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட அதே 0.02 வரும். ஆக ஒரு நல்ல எஸ்டிஆர் செய்ற வேலைக்கு நாலு எஸ்என்பி வேணும். அமெரிக்காவோட கோடிஸ்ங்கற குற்றவாளி டிஎன்ஏ டேட்டாபேஸ்ல 1998ல ஆரம்பிச்சப்போ 13 இடம், 2017ல அதை 20 ஆக்கினாங்க. 13 எஸ்டிஆருக்கு ஈடு 50 சொச்சம் எஸ்என்பி, அதனால தான் அந்த 52.

50 எஸ்என்பிக்கு எவ்ளோ வரும்னா 0.375ஐ 50 தடவை பெருக்கணும், 1க்குப் பின்னாடி 21 சைபர் போட்டு அதுல ரெண்டு மடங்குல ஒரு வாய்ப்பு. உலகத்துல இருக்கறதே 800 கோடி பேர். 20 எஸ்என்பி மட்டும் வேலை செஞ்சா கூட 33 கோடியில ஒண்ணு வருது, அதனால பாதி பேனல் செத்துப்போனாலும் கை விடாது.

நிறைய பேர் குழம்பற இடம் ஒண்ணு இருக்கு. அரிதான எஸ்என்பி தானே ஆளைக் காட்டிக் குடுக்கும், அதை ஏன் பேனல்ல போடலன்னு கேப்பாங்க. 100ல 10 பங்கு மட்டும் இருக்கற எழுத்துக்கு அதே கணக்கைப் போட்டா 0.69 வரும், ஏன்னா பெரும்பாலான ஆளுங்க அந்த எழுத்து இல்லாத கோஷ்டியில தான் இருப்பாங்க, அவங்க எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பொருந்திடுவாங்க. அதனால அடையாளத்துக்குத் தேர்வு பண்ற எஸ்என்பி எல்லாம் முடிஞ்ச அளவுக்கு பாதிக்குப் பாதி இருக்கணும், அதுவும் எல்லா மக்கள் கூட்டத்துலயும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கணும். யேல் பல்கலைக்கழகத்துல கென்னத் கிட் குழு அப்படித் தான் உலகம் பூரா பல கூட்டங்கள்ல சோதிச்சு வடிகட்டி எடுத்தாங்க, எந்த இனத்துக்காரர்னு தெரியாமலே கணக்குப் போடலாம்ங்கறது அதோட அழகு.

அப்புறம் பெருக்கறதுக்கு ஒரு நிபந்தனை, ஒவ்வொண்ணும் தனித்தனியா கடத்தப்படணும். குரோமோசோம்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கற எஸ்என்பி ரெண்டும் சேர்ந்தே பயணம் பண்ணும், ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தெரிஞ்ச மாதிரி, அதை ரெண்டாக் கணக்குல எடுத்தா அது ஏமாத்து வேலை. கொட்டிக் கிடக்குன்னு சொன்னீங்கள்ல, உண்மை தான், ஆனா பெருக்கல்ல போடற மாதிரி சுதந்திரமா இருக்கறது அதுல கொஞ்சம் தான்.

சும்மா_பாக்க_வந்தவன்

எதுக்கு ப்ரோ இந்த 20, 50, 52 எல்லாம். முழு ஜீனோமையும் சீக்வென்ஸ் பண்ணிட்டா எஸ்டிஆர் எஸ்என்பி எல்லாமே அதுக்குள்ள இருக்கு. இப்ப தான் சீக்வென்சிங் விலை குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு எண்ணிட்டு உக்காந்திருக்கீங்க

பிப்பெட்டும்கையுமா

@சும்மா_பாக்க_வந்தவன் சொல்றது ஈஸி சார். கதவு கைப்பிடியில தொட்ட இடத்துல இருந்து எங்களுக்குக் கிடைக்கறது சில நேரம் ஒரு நானோகிராம்ல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. எஸ்டிஆர் கிட்டுக்கு அரை நானோகிராம்ல இருந்து ஒரு நானோகிராம் இருந்தா ராஜ வாழ்க்கை. வம்சாவளி கம்பெனிங்க எச்சில் குப்பியில எடுத்து ஓட்டற சிப்புக்கு (லட்சக்கணக்குல எஸ்என்பியை ஒரே தடவையில படிக்கறது) 200 நானோகிராம் அளவுல சுத்தமான டிஎன்ஏ வேணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்தைப் பாருங்க. அதுவும் குற்ற இடத்து டிஎன்ஏவுல சில நேரம் பாக்டீரியாவோடது பாதிக்கு மேல கலந்திருக்கும், முழு ஜீனோம் ஓட்டினா நீங்க காசு குடுத்துப் படிக்கறது மண்ணுல இருக்கற கிருமியோட ஜீனோமை.

ரெண்டாவது, அதை விடப் பெருசு, டேட்டாபேஸ். அமெரிக்காவுல எஃப்பிஐ வச்சிருக்கற தேசிய டேட்டாபேஸ்ல மட்டும் 2 கோடிக்கு மேல ப்ரொஃபைல், எல்லாம் எஸ்டிஆர். நாளைக்கே நான் எஸ்என்பிக்கு மாறினா என் எஸ்என்பி ப்ரொஃபைலை எதோட ஒப்பிடறது? பழைய சாம்பிள் 2 கோடியையும் திரும்ப ஓட்டணும், பாதி சாம்பிள் இருக்கவே இருக்காது. ராக்கோழி பழக்கம்னு சொன்னாரு, பழக்கம் இல்ல தம்பி, ஒப்பிட ஆள் இல்லாத ப்ரொஃபைலை வச்சு என்ன பண்றது. அதனால இப்போ சீக்வென்சிங் கிட் பண்றவங்க கூட எஸ்டிஆரையும் எஸ்என்பியையும் ஒரே குழாயில சேர்த்துத் தான் குடுக்கறாங்க, எஸ்டிஆர் டேட்டாபேஸுக்கு, எஸ்என்பி உபரிக்கு.

மூணாவது கலப்பு. கத்திப்பிடியில மூணு பேர் கை பட்டிருக்கும். எஸ்டிஆர்ல ஒரு இடத்துல அஞ்சு பீக் வந்தா குறைஞ்சது மூணு பேர்னு கண்ணாலயே தெரிஞ்சுடும், ஏன்னா ஒரு ஆளுக்கு ரெண்டு தான். எஸ்என்பியில இருக்கறதே ரெண்டு எழுத்து, ஒருத்தர் இருந்தாலும் ஏ ஜி, பத்துப் பேர் இருந்தாலும் ஏ ஜி. அது கலப்புன்னே முகம் காட்டாது, அளவு விகிதத்தை வச்சு ஊகிக்கணும். குற்ற வழக்குல வர்ற சாம்பிள்ல கலப்பு எவ்ளோ சகஜம்னு லேப்ல உக்காந்தா தெரியும். என்னைக் கேட்டா எஸ்என்பி பின்தங்கினதுக்கு முக்கியமான காரணமே இது தான்.

பழைய_ஃபைல்

ராக்கோழி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வரேன், ஏன்னா இங்க எல்லாரும் அதைத் தாண்டிப் போயிட்டாங்க. கோல்டன் ஸ்டேட் கில்லர் கேஸ்ல நடந்தது மேல பேசற 52 எஸ்என்பி வேலையே இல்ல. அங்க நடந்தது ஆளைப் பொருத்தறது இல்ல, சொந்தக்காரங்களைத் தேடறது.

1970கள் 80கள்ல நடந்த குற்றங்கள், எஸ்டிஆர் ப்ரொஃபைல் போலீஸ் கையில இருந்துச்சு, டேட்டாபேஸ்ல ஆளு இல்ல. அந்த ஆள் என்னைக்குமே மாட்டினதில்லன்னா எத்தனை எஸ்டிஆர் வச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல. பத்திரமா வச்சிருந்த பாலியல் வன்முறை சாம்பிள்ல இருந்து லட்சக்கணக்கான எஸ்என்பி ப்ரொஃபைல் எடுத்து, வம்சாவளி ஆர்வலர்கள் தங்களோட டேட்டாவை ஏத்தி வைக்கற ஜெட்மேட்ச்ங்கற வெப்சைட்ல போட்டாங்க. அது தனித்தனி எழுத்தைப் பொருத்தாது, குரோமோசோம்ல வரிசையா எவ்ளோ நீளத்துக்கு எஸ்என்பி ஒத்துப்போகுதுன்னு பாக்கும். ஒரே முன்னோர்கிட்ட இருந்து வந்த துண்டுன்னா நீளமா உடையாம ஒத்துப்போகும். சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைங்க மாதிரி உறவுன்னா சராசரியா 12.5 சதவீதம் பகிர்வாங்க, அதுக்கும் ரெண்டு தலைமுறை தள்ளின உறவுன்னா ஒரு சதவீதத்துக்கும் கீழ, 0.8 கிட்ட. 20 எஸ்டிஆரை வச்சு இவ்ளோ தூரத்து உறவைப் பாக்கவே முடியாது, அப்பா புள்ள, அண்ணன் தம்பி அளவுல நின்னுடும்.

அப்படிக் கிடைச்ச தூரத்துச் சொந்தங்களை வச்சு கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா வரைக்கும் மேல ஏறி, குடும்ப மரம் போட்டு, அங்கேருந்து கீழ இறங்கி, வயசு, இருந்த ஊர்னு வடிகட்டி ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோங்கற முன்னாள் போலீஸ்காரர்கிட்ட வந்து நின்னாங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க? அவரோட கார் கைப்பிடியில தேய்ச்சு எடுத்து, குப்பையில போட்ட டிஷ்யூ பேப்பரை எடுத்து, பழையபடி எஸ்டிஆர் ஓட்டிப் பொருத்தினாங்க. ஏப்ரல் 2018ல கைது, 2020ல குற்றத்தை ஒத்துக்கிட்டாரு, ஆயுள் தண்டனை. ஆக எஸ்என்பி வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு, கதவைத் திறந்தது எஸ்டிஆர். எஸ்என்பி வந்து எஸ்டிஆரைக் கொன்னுடுச்சுன்னு எழுதறவங்க இந்தக் கடைசிப் பத்தியைப் படிக்கறதே இல்ல.

இப்போ இதுக்குன்னே கிட் வந்திருக்கு, கின்டெலிஜென்ஸ்னு பேரு, 10,230 எஸ்என்பி, சிப் மாதிரி 200 நானோகிராம் எல்லாம் கேக்காது, ஒரு நானோகிராம்லயே ஓடும். சிப்ல ஆறு ஏழு லட்சம் படிக்கறதை விட கம்மி தான், ஆனா உறவு தேடறதுக்கு அது போதும்.

இரட்டையர் பத்தி. எஸ்டிஆர் கண்டிப்பா அப்படியே ஒத்துப்போகும், 52 பேனலும் ஒத்துப்போகும், 10,000 போட்டாலும் அதே கதி தான். ஆனா கரு ரெண்டாப் பிரிஞ்ச பிறகு ஒருத்தரோட செல்லுல மட்டும் புதுசா சில எழுத்து மாற்றம் விழும். 2014ல ஜெர்மனியில ஒரு குழு இரட்டையர் ரெண்டு பேரோட விந்தணுவையும் அதுல ஒருத்தரோட பிள்ளையோட ரத்தத்தையும் முழு ஜீனோமா ரொம்ப ஆழமா சீக்வென்ஸ் பண்ணி, அப்பாகிட்டயும் பிள்ளைகிட்டயும் மட்டும் இருந்து பெரியப்பாவோ சித்தப்பாவோ யாரோ அந்த இன்னொருத்தர்கிட்ட இல்லாத 5 ஒற்றை எழுத்து மாற்றத்தைக் கண்டுபிடிச்சாங்க. 300 கோடி எழுத்துல 5. அதுக்கு முழு ஜீனோம் வேணும், நிறைய டிஎன்ஏ வேணும், இங்க மட்டும் @சும்மா_பாக்க_வந்தவன் சொன்னது சரி.

ஒற்றை எழுத்துக்கு எவ்ளோ வெயிட் இருக்குன்னு பாக்கணும்னா ரஷ்யாவோட கடைசி மன்னர் ஜார் நிக்கோலஸ் கேஸைப் பாருங்க. யெகாடெரின்பர்க் பக்கம் 1991ல தோண்டி எடுத்த எலும்புங்க. ராணி அலெக்சாண்ட்ராவை உறுதிப்படுத்த இங்கிலாந்து இளவரசர் பிலிப் ரத்தம் குடுத்தாரு, அம்மாகிட்ட இருந்து மட்டும் வர்ற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அப்படியே பொருந்திடுச்சு. ஜார் விஷயத்துல மட்டும் இழுபறி. மைட்டோகாண்ட்ரியாவுல 16169 ங்கற இடத்துல அவர் எலும்புல சியும் டியும் கலந்து இருந்துச்சு, உயிரோட இருந்த சொந்தக்காரங்ககிட்ட டி மட்டும். இது கறை படிஞ்ச சாம்பிள்னு ஒரு கோஷ்டி பிடிச்சுக்கிச்சு. கடைசியில 1899லயே செத்துப்போன ஜாரோட தம்பி ஜார்ஜோட கல்லறையைத் திறந்து பாத்தா அவருக்கும் அதே இடத்துல அதே சி டி கலப்பு. எந்த எழுத்து சந்தேகத்தைக் கிளப்புச்சோ அதுவே அப்புறம் பலமான சாட்சி ஆயிடுச்சு.

ராக்கோழி

பழைய_ஃபைல் அண்ணே, அந்த 16169 கதை செம. இவ்ளோ நாள் ரெண்டு வேலையையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டு இருந்தது இப்போ பிரிஞ்சு தெரியுது.

இன்னும் ரெண்டு. கண் நிறம், முடி நிறம் எல்லாம் எஸ்என்பி வச்சு சொல்லிடலாம்ங்கறாங்களே அது எவ்ளோ நம்பலாம்? அப்புறம் பிப்பெட் அண்ணன் சொன்ன கலப்புப் பிரச்சினைக்கு வழியே இல்லையா?

கணக்குப்பிள்ளை

கண் நிறத்துக்கு ஐரிஸ்ப்ளெக்ஸ்னு 6 எஸ்என்பி போதும், அதுலயும் பாதி வேலையை எச்இஆர்சி2 மரபணுவுல இருக்கற ஆர்எஸ்12913832ங்கற ஒரே எழுத்து பாத்துக்கும். நீலம், பழுப்பு ரெண்டும் நல்லாவே சொல்லும். பச்சை, இடைப்பட்ட நிறம்னு வந்தா தடுமாறும். முடியையும் சேர்த்து எச்ஐரிஸ்ப்ளெக்ஸ் 24 இடம், தோல் நிறமும் சேர்ந்தா 41. ஆனா யோசிச்சுப் பாருங்க, சந்தேகப்படற கூட்டத்துல எல்லாருக்கும் பழுப்புக் கண், கறுப்பு முடின்னா அந்த ரிப்போர்ட்டால போலீசுக்கு என்ன லாபம்? ஒண்ணும் இல்ல.

வம்சம் காட்டற எஸ்என்பியும் அப்படித் தான், அடையாள எஸ்என்பிக்கு நேர் எதிரா தேர்வு பண்ணுவாங்க, ஒரு கூட்டத்துல ரொம்ப அதிகம் இன்னொண்ணுல ரொம்பக் கம்மி இருக்கணும். எஸ்எல்சி24ஏ5 மரபணுவுல ஒரு எழுத்து ஐரோப்பியர்கள்ல கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இருக்கு, கிழக்காசியாவுல அரிது, ஆனா தெற்காசியாவுலயும் தாராளமா இருக்கு, அதனால அந்த ஒண்ணைப் பாத்து ஐரோப்பியர்னு முடிவு பண்ணினா அவ்ளோ தான். பல இடம் சேர்த்துப் பாத்து கண்டம் அளவுல சொல்லலாம். டிஎன்ஏவுல இருந்து முகத்தையே வரைஞ்சு குடுக்கறோம்னு வர்ற விளம்பரத்தை நான் நம்பறதில்ல, அந்தப் படத்துல பாதிக்கு மேல நிறமும் வம்சமும் பாலினமும் வச்சுப் போட்ட சராசரி முகம் தான்.

முத்திரைத்தாள்

யாரும் சட்டப் பக்கம் பேசலயேன்னு எழுதறேன், நான் லேப் ஆள் இல்ல.

எஸ்டிஆர் இடங்களைத் தேர்வு பண்ணப்போ புரதத்தைக் குறிக்காத பகுதியா பாத்துத் தான் எடுத்தாங்க, டிஎச்01 கூட ஒரு மரபணுவோட இன்ட்ரான்ல, அதாவது மரபணுவுக்குள்ளயே புரதமா மாறாத பகுதியில இருக்கு. அதனால 'இது வெறும் நம்பர், ஆளோட உடம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லாது'ன்னு கோர்ட்லயும் சட்டசபையிலயும் சொல்ல முடிஞ்சுது. 52 அடையாள எஸ்என்பிக்கும் அதே வாதம் ஓரளவுக்கு நிக்கும். ஆறு லட்சம் எஸ்என்பி ப்ரொஃபைலுக்கு நிக்காது, அல்சைமர் அபாயம் சொல்ற ஏபிஓஇ எழுத்து வரைக்கும் அதுக்குள்ள இருக்கு. சந்தேக நபரோடது மட்டும் இல்ல, ஜெட்மேட்ச்ல ஏத்தினது ஒரு சித்தி பொண்ணு, மாட்டறது அவங்க பேரைக் கூடக் கேள்விப்படாத தூரத்துச் சொந்தம், யாரு சம்மதம் குடுத்தது? மே 2019ல ஜெட்மேட்ச், சம்மதம்னு டிக் பண்ணினவங்க டேட்டாவை மட்டும் தான் போலீஸ் பாக்கலாம்னு மாத்தினாங்க. அதே வருஷம் நவம்பர்ல அமெரிக்க நீதித்துறையோட இடைக்காலக் கொள்கை அமலுக்கு வந்துச்சு: கொலை, பாலியல் வன்முறை மாதிரி கேஸ், அடையாளம் தெரியாத சடலம், அதுவும் கோடிஸ்ல தேடி ஒண்ணும் கிடைக்காத பிறகு தான்.

ஒரு பாரபட்சமும் இருக்கு. 2018ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களைத் தேடினா சுமார் 60 சதவீதத்துக்கு பழைய_ஃபைல் சொன்ன அந்த 0.8 சதவீதம் பகிர்ற தூரத்து உறவோ அதை விட நெருங்கினதோ கிடைச்சுடும்னு கணிச்சுது. காரணம் டேட்டாபேஸ்ல இருக்கறது பெரும்பாலும் அவங்க தான். மத்த வம்சாவளிக்கு அந்த அளவுக்கு எடுபடாது.

'வெறும் நம்பர்'ங்கறதும் இப்போ அவ்ளோ உறுதி இல்ல. 2017ல ஒரு ஆய்வுல, ஒருத்தரோட எஸ்டிஆர் ப்ரொஃபைல் ஒரு ஃபைல்லயும் அவரோட எஸ்என்பி ப்ரொஃபைல் வேற ஃபைல்லயும் இருந்தா, பொதுவா ஒரு இடம் கூட இல்லாமலே ரெண்டும் ஒரே ஆள்னு இணைக்க முடியும்னு காட்டினாங்க, கணக்குப்பிள்ளை சொன்னாரே பக்கத்துல இருக்கறது சேர்ந்தே பயணம் பண்ணும்னு, அதே தான் காரணம், எஸ்டிஆருக்குப் பக்கத்துல இருக்கற எஸ்என்பி காட்டிக் குடுத்துடுது. போலீஸ் டேட்டாபேஸையும் மருத்துவ ஆராய்ச்சி டேட்டாபேஸையும் தனித்தனி அலமாரின்னு நினைச்சுட்டு சட்டம் எழுதறவங்க இதைப் படிக்கணும்.

சும்மா_பாக்க_வந்தவன்

அதான் நான் எதுலயும் எச்சில் துப்பி அனுப்பறதில்ல

முத்திரைத்தாள்

நீங்க துப்பலன்னா என்ன, உங்க அத்தை பையன் துப்பியிருப்பாரு.

பிப்பெட்டும்கையுமா

😂 அது சரி.

ராக்கோழி, கலப்புக்கு வழி இருக்கான்னு கேட்டீங்கள்ல. மூணு எழுத்து வர்ற எஸ்என்பி கொஞ்சம் இருக்கு, ஏ, ஜி, டின்னு, அதுல மூணும் வந்தா கலப்புன்னு தெரிஞ்சுடும், ஆனா அந்த மாதிரி இடம் கம்மி. உருப்படியான வழி மைக்ரோஹாப்லோடைப், அதையும் யேல்ல இருக்கற அந்த கென்னத் கிட் குழு தான் முன்னாடி கொண்டு வந்தாங்க. 300 எழுத்துக்கும் குறைவான ஒரு சின்ன நீளத்துக்குள்ள மூணு நாலு எஸ்என்பி இருக்கற இடமா எடுத்துக்கணும். தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் ரெண்டு எழுத்து தான், ஆனா சீக்வென்சர்ல ஒரே டிஎன்ஏ இழையில அதுங்க எந்த வரிசையில வருதுன்னு சேர்த்துப் படிச்சா ஏஜிசி, ஏடிசி, ஜிஜிடின்னு பல வகை கிடைக்கும். ஒரு இடத்துல அஞ்சு வகை வந்தா எஸ்டிஆர் மாதிரியே மூணு பேராவது இருக்காங்கன்னு சொல்லிடலாம், ஸ்டட்டர் தொல்லையும் கிடையாது, கொஞ்சமா கலந்திருக்கற ரெண்டாவது ஆள் தெளிவா தெரிவாரு. பெருக்கல் கணக்குல பக்கத்துப் பக்கத்துல இருக்கறது தொல்லைன்னு கணக்குப்பிள்ளை சொன்னாரு, இங்க வேணும்னே பக்கத்துல இருக்கறதைத் தான் தேடறாங்க.

குறை என்னன்னா பழைய கேப்பிலரி மெஷின்ல இதைப் படிக்க முடியாது, அது நீளத்தை மட்டும் தான் அளக்கும், எழுத்து வரிசை வேணும்னா சீக்வென்சர் வேணும், அதுக்கு ஆளுக்குப் பயிற்சி, வேலிடேஷன், கோர்ட்ல முதல் தடவை கொண்டு போறப்போ எதிர்த்தரப்பு கேக்கற கேள்வின்னு வரிசையா நிக்குது. ரொம்பச் சிதைஞ்ச எலும்புல 200 எழுத்து நீளமுள்ள மைக்ரோஹாப்லோடைப்பும் உடைஞ்சு தான் போகும், அதனால அந்த மாதிரி சாம்பிளுக்கு தனி எஸ்என்பி தான் இப்பவும். வேர் இல்லாத முடியும் அதே கதை, அதுல இருக்கற உட்கரு டிஎன்ஏ பெரும்பாலும் 100 எழுத்தைக் கூடத் தாண்டாது, எஸ்டிஆர் ஓட்டறதுல அர்த்தமே இல்ல, அந்தக் குட்டித் துண்டுங்களை எல்லாம் சீக்வென்ஸ் பண்ணி எஸ்என்பியைப் பொறுக்கித் தான் எடுக்கணும்.